சின்னக் கோழி, உப்புநீர், கரி நெருப்பு: வீட்டில் முழுக்கோழி சுடப் பழகுவோம்

முழுக்கோழியைச் சுட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மசாலாவில் இருந்துதான் தொடங்குகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள் எல்லாம் பூசி ஒன்றரைக் கிலோ கோழியை ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் மொட்டைமாடியில் கரியைப் பற்றவைத்து, கோழியை நேராக நெருப்பின் மேல் வைத்தேன். இருபது நிமிடத்தில் வெளியே கருகிவிட்டது. வெட்டிப் பார்த்தால் தொடை எலும்பை ஒட்டி இன்னும் பச்சையாகவே இருந்தது. திரும்ப அடுப்பில் ஏற்றி, தொடை வெந்து முடிந்தபோது நெஞ்சுக்கறி நார்நாராகிப் போயிருந்தது. வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் எல்லார் தட்டிலும் நெஞ்சுத் துண்டு அப்படியே மிச்சம் இருந்தது.

அன்று மசாலாவில் எந்தக் குறையும் இல்லை. நெஞ்சும் தொடையும் இரண்டு வேறு கறி என்பதை நான் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். நெஞ்சுக்கறி உள்ளே 70 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் வறளத் தொடங்கும். தொடைக்கறியோ 80 டிகிரியை நெருங்கினால்தான் எலும்பை விட்டு இளகும். ஒரே கோழியை ஒரே நெருப்பில் வைத்து இரண்டையும் ஒன்றாக முடிப்பதுதான் சவால். இதற்கு மூன்று விஷயம் வேண்டும்: கோழி சின்னதாக இருக்க வேண்டும், சுடுவதற்கு முன் உப்புநீரில் ஊறியிருக்க வேண்டும், நெருப்பு அதன் அடியில் இல்லாமல் பக்கத்தில் இருக்க வேண்டும். மசாலா இதற்கெல்லாம் அப்புறம்.

கடையில் என்ன கேட்பது

வெட்டிச் சுத்தம் செய்தபின் 700 முதல் 850 கிராம் வரும் பிராய்லர் கோழிதான் நமக்கு வேண்டும். உயிர் எடையில் அது சுமார் 1.1 முதல் 1.2 கிலோ. ஏறக்குறைய நாலு வாரம் வளர்ந்த குஞ்சு. பல்லடம் பக்கத்துப் பண்ணைகளில் இருந்து நம் ஊர்க் கடைகளுக்கு வருகிற கோழிகள் பெரும்பாலும் இரண்டு கிலோவைத் தொட்டுவிடும். அதனால் முதல் நாளே கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள். “தந்தூரிக்குப் போடற சைஸ்” என்றால் அவருக்குப் புரியும்.

இரண்டாவது, தோல். நம் கடைகளில் கோழி என்றாலே தோலை உரித்துத்தான் கொடுப்பார்கள். சுடும்போது தோல்தான் நெஞ்சுக்குக் குடை. அது இல்லாவிட்டால் இந்த முறை பாதிக்கு மேல் வீண். சுடுதண்ணீரில் முக்கி இறகு பிடுங்குகிற கடையாகப் பார்த்து, “தோலோட, முழுசா, துண்டு போடாம” என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள். கை வேகத்தில் நெஞ்சைப் பிளந்துவிடுவது கடைகளில் சாதாரணமாக நடக்கும்.

நாட்டுக்கோழி வேண்டாம். அதன் இறுக்கம் தசைகளைப் பிணைக்கும் இணைப்புத் திசுவில் இருக்கிறது. உப்புநீர் அதை இளக்காது. அதன் இடம் குழம்புச் சட்டிதான். பாக்கெட்டில் உறையவைத்த கோழி வாங்கினால் உறையைப் படித்துப் பாருங்கள். உப்புநீர் ஏற்கெனவே ஏற்றப்பட்டது என்று போட்டிருந்தால் மறுபடி ஊறவைக்கக் கூடாது.

முதுகை வெட்டி விரிப்பது

முழுக்கோழி உருண்டை. உருண்டை சீராக வேகாது. முதுகெலும்பை எடுத்துவிட்டுப் புத்தகம் போல விரித்தால் கோழி ஏறக்குறைய ஒரே கனத்தில் தட்டையாகிவிடும். வேகும் நேரமும் குறையும். ஜார்ஜியா நாட்டில் தபாகா என்று ஒரு பழைய சமையல் உண்டு. இப்படித்தான் குஞ்சுக்கோழியை விரித்து, மேலே பாரம் வைத்து, வாணலியில் வறுப்பார்கள். சின்னக் கோழியும் தட்டையான உடலும் சேர்ந்தால் வேலை எளிது என்பது அங்கேயும் தெரிந்த விஷயம்.

கோழியைக் கவிழ்த்து வைத்து, வால் பக்கமிருந்து கழுத்து வரை முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கனமான சமையலறைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். விலா எலும்புகள் நறுக் நறுக்கென்று வெட்டுப்படும். நாலு வாரக் கோழியில் இதற்குப் பெரிய பலம் தேவையில்லை. பிறகு கோழியைத் திருப்பி, விரித்து, நெஞ்சின் நடுவே உள்ளங்கையை வைத்து ஓங்கி ஓர் அழுத்து. நெஞ்செலும்பு விரிசல் விடும் சத்தம் கேட்கும், கோழி தட்டையாகிவிடும். இறக்கை நுனிகளை முதுகுப் பக்கம் மடித்துச் செருகினால் கருகாது. எடுத்த முதுகெலும்பையும் கழுத்தையும் மிளகு ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவுவது பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் போட்டு நாலு தண்ணீர் அலசுவது நம் பழக்கம். குழாயடியில் பச்சைக் கோழியைக் கழுவும்போது தெறிக்கிற திவலைகளில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் தொட்டி, மேடை, பக்கத்தில் இருக்கும் பாத்திரம் வரைக்கும் போகும். கழுவியே ஆக வேண்டும் என்றால் குழாயைத் திறக்காமல் பாத்திரத்துத் தண்ணீரில் மெல்ல அலசி, அந்தத் தண்ணீரைத் தெறிக்காமல் ஊற்றி, பிறகு தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேயுங்கள். கிருமியைக் கொல்வது தண்ணீர் இல்லை, சூடுதான்.

உப்புநீர்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவசரப்படாமல் படியுங்கள்.

உப்புநீரில் ஊறும்போது கறிக்குள் உப்பு மெதுவாக இறங்கும். அங்கே தசை நார்களைக் கட்டி வைத்திருக்கும் புரதங்களில் ஒரு பகுதியை அது கரைத்துத் தளர்த்தும். தளர்ந்த புரதம் சூட்டில் முன்போல இறுகிச் சுருங்காது. சுருங்கினால்தானே உள்ளே இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும்? அதோடு, ஊறும் நேரத்தில் கறி தன் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை நீரை இழுத்துக்கொள்ளவும் செய்யும். இரண்டும் சேர்ந்து நெஞ்சுக்கறிக்கு ஒரு தவணை வாங்கிக் கொடுக்கின்றன. தொடை வேகிற வரைக்கும் நெஞ்சு காத்திருக்க முடிகிறது. சுவைக்காகத்தான் ஊறவைக்கிறோம் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அந்தத் தவணைதான் பெரிது.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் உப்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான், ஆக இது கடலைவிடக் கரிக்கும். உப்பைத் தராசில்தான் நிறுக்க வேண்டும். கல் உப்பின் பருமன் ஊருக்கு ஊர், பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும். ஒரு கரண்டி கல் உப்பும் ஒரு கரண்டி தூள் உப்பும் எடையில் ஒன்றில்லை. நிறுத்துப் போட்டால் எந்த உப்பும் சரி, அயோடின் உப்பும் சரி.

இரண்டு கோழிகளுக்கு இரண்டு லிட்டர் போதும், பாத்திரம் குறுகலாக இருந்தால். 100 கிராம் உப்பு, 40 கிராம் நாட்டுச்சர்க்கரை. சர்க்கரை தோலுக்கு நிறம் கொடுக்கும். இதற்கு மேல் போட்டால் நெருப்பில் கருகும். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு இரண்டையும் கரையுங்கள். இரண்டு பூண்டை நசுக்கி, ஒரு கரண்டி மிளகைத் தட்டிப் போடலாம். ஆனால் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ என்று அடுக்க வேண்டாம். அந்த வாசனையெல்லாம் தோலோடு நின்றுவிடும். கறியின் உள்வரை இறங்குவது உப்புதான். மீதி ஒன்றரை லிட்டருக்குப் பதில் ஒன்றரைக் கிலோ ஐஸும் குளிர்ந்த தண்ணீரும் கலந்து நிறுத்து ஊற்றுங்கள். கொதிநீர் உடனே ஆறிவிடும். வெதுவெதுப்பான உப்புநீரில் ஒருபோதும் கோழியைப் போடாதீர்கள். அது கிருமிக்கு விருந்து வைப்பதற்குச் சமம்.

பாத்திரம் எவர்சில்வர், பீங்கான் அல்லது உணவுக்கான பிளாஸ்டிக். அலுமினியம் கூடாது, உப்பு அரித்துவிடும். கோழி முழுக முழுக இருக்க வேண்டும். மிதந்தால் மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து அமுக்குங்கள். மூடி, குளிர்சாதனப் பெட்டியில் கீழ்த் தட்டில் வையுங்கள். பெட்டியில் இட்லி மாவும் தயிரும் எப்போதும் இடத்தைப் பிடித்திருக்கும் என்பது எனக்கும் தெரியும். அவற்றை மேலே ஏற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். பச்சைக்கறி எதற்கும் மேலே இருக்கக் கூடாது. இடமே இல்லையென்றால் ஐஸ் பெட்டியில் ஐஸ் நிரப்பி, கெட்டியான பையில் கட்டிய கோழியை அதற்குள் புதைத்து வைக்கலாம்.

நேரம்: விரித்த 750 கிராம் கோழிக்கு மூன்று முதல் நான்கு மணி நேரம். ராத்திரி முழுக்க விடாதீர்கள். ஒருமுறை அசந்து தூங்கி, காலை வரை பதினாலு மணி நேரம் ஊறவிட்டேன். சாப்பிட்டால் கோழி மாதிரியே இல்லை. உப்புக் கரிப்பு ஒரு பக்கம், ரப்பர் போன்ற வழவழப்பு ஒரு பக்கம். நேரத்தைக் குறிப்பிட்டு அலாரம் வையுங்கள். இதே உப்புநீரில் காடைக்கு முக்கால் மணி நேரம் போதும்.

எடுத்ததும் உப்புநீரைச் சாக்கடையில் ஊற்றிவிடுங்கள். இன்னொரு கறிக்குப் பயன்படுத்தக் கூடாது, செடிக்கும் ஊற்றக் கூடாது.

உலர்த்துவது

பலர் தவறவிடும் படி இது. ஈரமான தோல் நெருப்பில் முதலில் ஆவியில்தான் வேகும், முறுகாது. சுத்தமான துணியாலோ காகிதத்தாலோ உள்ளும் புறமும் ஒற்றி எடுங்கள். பிறகு ஒரு தட்டின் மேல் கம்பி வலை, அதன் மேல் தோல் மேலிருக்கக் கோழி. மூடாமல் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டில் ஆறு மணி நேரமாவது விடுங்கள். ராத்திரி முழுக்க என்றால் இன்னும் நல்லது. காலையில் தொட்டால் தோல் காகிதம் போல, லேசாக ஒட்டுகிற பதத்தில் இருக்கும்.

இதனால் எனக்குச் சரிப்பட்ட கணக்கு: சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு உப்புநீர், பத்து மணிக்கு எடுத்துத் துடைத்துக் குளிரில் உலர்த்தல், ஞாயிறு பதினொரு மணிக்குக் கரி.

கரியும் அடுப்பும்

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல சேதி. அமெரிக்காவின் டெக்சாஸில் கறி சுடுபவர்கள் கொண்டாடும் மெஸ்கீட் மரமும் நம் சீமைக்கருவேலமும் ஒரே பேரினத்து உறவுகள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்து ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களை நிறைத்த மரம்தான் இது. அங்கே மூட்டம் போட்டு எரித்த கரி மூட்டை மூட்டையாகப் போகிறது. நின்று எரியும், நல்ல சூடு. பற்றும்போது கொஞ்சம் பொறி தெறிக்கும், அதனால் முதல் பத்து நிமிடம் தள்ளி நில்லுங்கள். அது கிடைக்காவிட்டால் இஸ்திரி போடுகிறவர்கள் வாங்கும் கொட்டாங்குச்சிக் கரி. எங்கே கிடைக்கும் என்று உங்கள் தெரு இஸ்திரிக்காரரையே கேளுங்கள். இரண்டு கோழிக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ கரி ஆகும்.

மண்ணெண்ணெய் வேண்டாம். வாடை தோலில் ஏறிவிடும், ஆபத்தும் கூட. நாலைந்து சூடக்கட்டியும் உலர்ந்த தேங்காய் நாரும் போதும். அடியில் ஓட்டை போட்ட பழைய பால்பவுடர் டின்னில் கரியை நிரப்பி, கீழே நாரைக் கொளுத்தினால் தானே மேலேறிப் பிடிக்கும். எல்லாக் கரியும் மேலே வெள்ளைச் சாம்பல் பூக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவரைக்கும் கோழியை மாடிக்கே கொண்டுவர வேண்டாம்.

இதையெல்லாம் திறந்த வெளியில் மட்டுமே செய்யுங்கள். மூடிய அறை, ஜன்னல் சாத்திய சமையலறை, கண்ணாடி அடைத்த பால்கனி எதிலும் கூடாது. எரியும் கரி கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. குளிருக்கு அறைக்குள் கரியடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம்.

அடுப்பு பெரிய விஷயமில்லை. மூடியுள்ள கிரில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அகலமான இரும்புச் சட்டி, மேலே கம்பி வலை, மூடுவதற்குக் கவிழ்த்த பழைய எவர்சில்வர் அன்னக்கூடை. காற்றுப் போக ஓர் ஓரத்தில் சின்னக் கல்லை முட்டுக் கொடுத்து வையுங்கள். மூடி இல்லாமல் சுட்டால் மேல்பக்கம் வேகாது, அடிப்பக்கம் கருகும். சூடான மூடியைத் தொட இடுக்கியும் கெட்டித் துணியும் கையில் இருக்கட்டும்.

சுடுவது

பூத்த கரி முழுவதையும் சட்டியின் ஒரு பாதிக்கு ஒதுக்குங்கள். மறுபாதி காலி. காலிப் பக்கத்துக்கு மேல்தான் கோழி உட்காரப் போகிறது. கரிப் பக்கத்து வலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். மூன்று நான்கு நொடிக்கு மேல் வைக்க முடியவில்லை என்றால் சூடு சரி. ஒரு நொடிகூட முடியாவிட்டால் கொஞ்சம் தணியட்டும்.

கோழியில் எண்ணெய் தடவி, நுணுக்கிய மிளகும் சீரகமும் தூவுங்கள். உப்பு போடாதீர்கள். இதை மறந்து கெட்ட கோழிகள் நிறைய. கடைப் பாக்கெட் மசாலாவிலும் உப்பு இருக்கும், உறையில் பார்த்துக்கொள்ளுங்கள். காலிப் பக்கத்தில், எலும்புப் பக்கம் கீழே, தோல் மேலே இருக்க, கால்கள் கரியைப் பார்க்க, நெஞ்சு தள்ளி இருக்குமாறு வையுங்கள். அதிகச் சூடு வேண்டிய தொடைக்கு நெருப்புப் பக்கம், பொறுக்க முடியாத நெஞ்சுக்கு நிழல் பக்கம். மூடுங்கள்.

இனி பொறுமைதான் வேலை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்தால் சூடு போய்விடும். பதினைந்து நிமிடம் கழித்து ஒருமுறை திறந்து, கரி அடங்கியிருந்தால் நாலு துண்டு சேர்த்து, இரண்டு கோழிகளையும் இடம் மாற்றுங்கள். மறுபடி மூடி இன்னொரு பதினைந்து நிமிடம். மொத்தம் முப்பத்தைந்து முதல் நாற்பத்தைந்து நிமிடம் ஆகும். காற்று, கரி, பாத்திரத்தைப் பொறுத்து மாறும். அதனால் கடிகாரத்தை நம்பாதீர்கள்.

நம்ப வேண்டியது குத்திப் பார்க்கும் வெப்பமானி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்று வாங்கலாம் என்றால் அதை வாங்குங்கள். நெஞ்சின் கனமான இடத்தில், எலும்பைத் தொடாமல் குத்தினால் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். தொடையின் உட்புறம் 80 அல்லது அதற்கு மேல். தொடை எலும்பை ஒட்டிக் கொஞ்சம் சிவப்பு தெரிந்தாலும் இந்த அளவு எட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். இளங்கோழியின் எலும்பு இன்னும் இறுகாதது. உள்ளிருக்கும் மஜ்ஜையின் நிறம் கசிந்து கறியில் படியும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்வதால்தான் நாம் நெஞ்சைக் காயவிடுகிறோம்.

நெஞ்சு 68 டிகிரியைத் தொட்டதும் கடைசி வேலை. எண்ணெயில் குழைத்த காஷ்மீரி மிளகாய்த்தூளும் பூண்டு விழுதும் லேசாகத் தடவி, தோல் கீழே இருக்குமாறு கரிக்கு நேர் மேலே திருப்பிப் போடுங்கள். முன்பே தடவியிருந்தால் மிளகாய் கருகிக் கசந்திருக்கும். இரண்டு மூன்று நிமிடம்தான். கண்ணை எடுக்காதீர்கள். தோலின் கொழுப்பு சொட்டித் தீ எழும்பும். எழும்பினால் கோழியை நகர்த்துங்கள். தண்ணீர் தெளித்தால் சாம்பல்தான் பறந்து கறியில் ஒட்டும். பொன்னிறமும் அங்கங்கே கருஞ்சிவப்புப் புள்ளியும் வந்ததும் மறுபடி குத்திப் பாருங்கள். 74 வந்திருந்தால் எடுங்கள். வராவிட்டால் தோலை மேலே திருப்பிக் காலிப் பக்கத்தில் வைத்து மூடுங்கள். மொட்டைமாடி இல்லாதவர்கள் இதே கோழியை 220 டிகிரி மின் ஓவனில் தோல் மேலே இருக்க வைக்கலாம். நாற்பது நிமிடத்தில் முடியும், புகைமணம் மட்டும் வராது.

எடுத்ததும் வெட்ட வேண்டாம். பத்து நிமிடம் மூடாமல் பலகையில் கிடக்கட்டும். மூடினால் தோல் நமத்துவிடும். அப்புறம் நடுவே இரண்டாக, பிறகு கால் தனியாக, நெஞ்சு தனியாக நாலு துண்டு. எலுமிச்சை பிழிந்து, வட்டமாக நறுக்கிய சின்ன வெங்காயத்தோடு சாப்பிடுங்கள். நான் முதலில் எடுப்பது நெஞ்சுத் துண்டைத்தான். விரலால் அழுத்தினால் சாறு வடிய வேண்டும்.

மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் எடுத்து வையுங்கள். சாப்பிட்டபின் சேரும் எலும்பில் சூப் வைப்பதானால், அதில் ஏற்கெனவே உப்பு இறங்கியிருக்கும். கொதித்து முடிந்து ருசி பார்த்த பிறகே உப்புச் சேர்க்க வேண்டும். மிச்சக் கரியை இரும்பு மூடியால் காற்றுப் புகாமல் மூடினால் அணைந்து அடுத்த வாரத்துக்கு ஆகும். சாம்பலை மறுநாள் காலை வரை தொடாதீர்கள், குப்பைப் பையில் கொட்டவும் வேண்டாம். மேலே ஆறித் தெரிந்தாலும் அடியில் நெருப்பு இருக்கும்.